எலிக்காய்ச்சல்: உயிரைத் தீர்மானிக்கும் முதல் சில நாட்கள்

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிரிழப்புகள் ஏற்பட்டபோது, அது முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்றே பேசப்பட்டது. டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு பேர் உயிரிழந்திருந்தனர். பரிசோதனைகளின் பின்னரே அது எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது.

ஆனால் இந்த நோய் இலங்கைக்குப் புதியதல்ல. 2008ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 7,000க்கும் அதிகமானோர் இதனால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழையால் குடாநாட்டின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கிய நிலையில், இந்த ஆபத்து எதிர்பார்க்கப்பட்டிருக்க வேண்டிய ஒன்றாகும்.

எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருக்கும் பக்டீரியா, தோலிலுள்ள சிறு காயங்களினூடாக உடலுக்குள் செல்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசைகளில் கடும் வலி, கண் சிவத்தல் என்பன தோன்றும். பலருக்கு நோய் இந்தக் கட்டத்துடன் தணிந்துவிடுகிறது. சிலருக்கோ மஞ்சட்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு என நிலைமை விரைவாக மோசமடைகிறது.

ஆரம்பத்தில் டொக்சிசைக்கிளின் போன்ற மலிவான மருந்தே போதுமானது. நோய் தீவிரமடைந்தால் நாளம் வழியாக பெனிசிலின் அல்லது செப்ட்ரியாக்சோன் ஏற்றவேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு இரத்தச் சுத்திகரிப்பும், நுரையீரல் பாதிக்கப்பட்டவருக்கு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நோய் எதிர்ப்பொருளைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைகள் முதல் வாரத்தில் பெரும்பாலும் நோயைக் காட்டுவதில்லை. எனவே முடிவு வரும்வரை காத்திராது, சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையை ஆரம்பிக்கவேண்டும். அந்தச் சந்தேகம் எழுவதற்கு, நோயாளி வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினாரா என்பது வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழைக்காலக் காய்ச்சல் என்றாலே டெங்கு என்று எண்ணும் சூழலில், இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகலாம்.

தினக்கூலிக்குச் செல்லும் ஒருவர், ஒருநாள் சம்பளத்தை இழந்து வைத்தியசாலைக்குச் செல்வதைவிட, மருந்துக்கடையில் இரண்டு மாத்திரைகளை வாங்கிப் போட்டுவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகவே பார்ப்பார். உயிரிழப்புகளுக்கு இடமளிப்பது இந்தத் தாமதமே.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக வழங்கப்படும் தடுப்பு மாத்திரைகள், வெள்ளம் வடியும் முன்னரே வயல் தொழிலாளர்களையும் வடிகால் துப்புரவு செய்பவர்களையும் சென்றடைய வேண்டும். மரணங்கள் பதிவான பின்னர் தொடங்கும் விநியோகம், ஏற்கெனவே நோய் முற்றியவர்களுக்குப் பயனளிக்காது.