பூட்டு ஓகே, கத்தரிக்கோல் வேண்டாம்

வக்கீல் லிங்கனோட ஃபைல் கேபினட் எங்க இருந்துச்சு தெரியுமா மக்களே? பாதி அவர் தலை மேல! அந்த உயரமான தொப்பிக்குள்ளதான் கடிதம், குறிப்பு எல்லாத்தையும் செருகி வெச்சிருப்பார். 1850-ல் இன்னொரு வக்கீலுக்குப் பதில் எழுத லேட் ஆயிடுச்சு. அதுக்கு அவர் சொன்ன காரணம்: உங்க கடிதத்தைப் பழைய தொப்பியில் வெச்சிருந்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கிட்டேன், பழசோட சேர்ந்து கடிதமும் ஓரமாப் போயிடுச்சு. ஆபீஸில் ஒரு காகிதக் கட்டு மேல, வேற எங்கேயும் கிடைக்கலைன்னா இதில் தேடவும்னு எழுதி வெச்சிருந்தாராம். இதைச் சொன்னது அவரோட தொழில் கூட்டாளி ஹெர்ண்டன்.

கேட்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பதிவு தொப்பியைப் பத்தி இல்லை. ஒரு மனுஷன் போன பிறகு, அவரோட காகிதங்களில் எது நிக்கணும், எது போகணும்னு முடிவு பண்ற உரிமை யாருக்கு? குடும்பத்துக்கா? என் கட்சி இதுதான்: பூட்டி வைக்கிற உரிமை குடும்பத்துக்கு உண்டு. வெட்டுற உரிமை கிடையாது.

முதல்ல குடும்பக் கதை. 1865-ல் லிங்கன் கொல்லப்பட்டதும் அவரோட ஜனாதிபதி காலத்துக் காகிதங்கள் மகன் ராபர்ட் கைக்கு வந்துச்சு. லிங்கனோட செயலாளர்களா இருந்த நிக்கோலே, ஹே ரெண்டு பேருக்கு மட்டும் அதைப் பார்க்க அனுமதி கிடைச்சுது. அவங்க எழுதின பத்து வால்யூம் வாழ்க்கை வரலாறு 1890-ல் வந்தது. கையெழுத்துப் பிரதியை ராபர்ட் படிச்சுத் திருத்தின பிறகுதான் அச்சுக்கே போச்சு. தாத்தா தாமஸ் லிங்கனோட ஏழ்மையைப் பத்தின பகுதிகளில் அவர் கை வெச்சார். 1919-ல் காகிதங்களை காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பினார், 1923-ல் நன்கொடையா எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: தான் செத்து 21 வருஷம் ஆகுற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. 1926 ஜூலை 26-ல் அவர் இறந்தார். 1947 ஜூலை 26, நள்ளிரவு தாண்டினதும் பெட்டியைத் திறந்தாங்க. பத்திரிகைக்காரங்க, ஆராய்ச்சியாளர்கள்னு ஒரு கூட்டமே காத்துக்கிட்டு இருந்துச்சு.

உள்ளே 18,000-க்கு மேல காகிதங்கள். எதிர்பார்த்த குண்டு ஒண்ணுமே இல்லை! பெரும்பாலும் லிங்கனுக்கு மத்தவங்க எழுதின கடிதங்கள்.

சரி, அப்போ ஜனாதிபதி ஆகிறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 25 வருஷம் இல்லினாய்ஸ் புல்வெளியில் வக்கீல் தொழில் பார்த்தாரே, அந்த ஆள் எங்கே? 1818-ல் தான் மாநிலமே ஆன இடம் அது. வருஷத்தில் ரெண்டு தடவை, நீதிபதியும் வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் கவுண்டி கவுண்டியாப் போவாங்க. ஒரே சத்திரம், சில நேரம் ஒரே கட்டிலில் ரெண்டு வக்கீல். காலையில் எதிரெதிர் கட்சி, ராத்திரி ஒண்ணா சாப்பாடு. அந்த வாழ்க்கையோட தடயம் அந்தந்த ஊர் கோர்ட்டு ஆபீஸ்களில், யாரும் மதிக்காத கட்டுகளுக்குள்ள கிடந்தது.

1985-ல் இல்லினாய்ஸில் ஒரு குழு அதைத் தேட ஆரம்பிச்சுது. கோர்ட்டு கோர்ட்டாப் போய் பழைய கட்டுகளைப் பிரிச்சுப் பார்த்தாங்க. 1871 சிகாகோ தீயில் அந்த ஊர் கோர்ட்டு ஆவணங்கள் எரிஞ்சு போயிருந்தது. மத்த ஊர்களில் நினைவுச்சின்னம் சேர்க்கிறவங்க முந்திக்கிட்டாங்க. சில காகிதங்களில் லிங்கன் கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் மிச்சம். கத்தரிக்கோல்! அன்பு அதிகமானா என்ன ஆகும்னு இதுக்கு மேல உதாரணம் வேணுமா? அதையும் மீறி 5,000-க்கு மேற்பட்ட வழக்குகளைச் சேர்த்து 2000-ல் வெளியிட்டாங்க. பிறகு இணையத்திலும் இலவசமா வந்துச்சு. மாஸ்டர்ஸ் பண்ற என்னை மாதிரி ஆள், எந்த நூலகத்தோட சிபாரிசுக் கடிதமும் இல்லாம ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து மேயலாம்.

மேய்ஞ்சா தெரியற வக்கீல், பள்ளிக்கூடப் பாடத்தில் வர்ற வக்கீல் இல்லை. பாதிக்கு மேல கடன் பாக்கி கேஸ். அஞ்சு டாலர், பத்து டாலர் ஃபீஸ். இன்னொரு பக்கம், ஒரு ரயில்வே கம்பெனிக்காக வரி வழக்கை ஜெயிச்சுக் கொடுத்துட்டு, 5,000 டாலர் ஃபீஸுக்காக அதே கம்பெனி மேல 1857-ல் கேஸ் போட்டு வாங்கியிருக்கார். ஏழை பங்காளன் இமேஜோட இதை எப்படி ஒட்ட வைக்கிறதுன்னு நீங்களே யோசிங்க :)

இனி வர்ற ரெண்டு வழக்குகளுக்காகத்தான் இந்தப் பதிவே.

1841. நான்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண். அவளை வித்ததுக்கான பணப் பத்திரம் செல்லுமா செல்லாதான்னு இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. இந்த மாநிலத்தில் எந்த மனுஷனும் சுதந்திரமானவர்னு தான் சட்டம் முதலில் எடுத்துக்கணும், அதனால் விற்பனையே செல்லாதுன்னு லிங்கன் தரப்பு வாதம். ஜெயிச்சார்.

1847. ஜேன் பிரயன்ட்னு இன்னொரு பெண். கென்டக்கிக்காரர் ராபர்ட் மேட்சன், தன் அடிமைகளை இல்லினாய்ஸ் பண்ணைக்கு வேலைக்குக் கூட்டிட்டு வந்தார். தன்னையும் பிள்ளைகளையும் வித்துடுவாங்கன்னு பயந்து ஜேன் நாலு பிள்ளைகளோட ஓடிப் போய் அடிமை முறை எதிர்ப்பாளர்கள்கிட்ட அடைக்கலம் புகுந்தார். தாயையும் பிள்ளைகளையும் பிடிச்சு சார்ல்ஸ்டன் ஜெயிலில் போட்டாங்க. அவங்களைத் திருப்பிக் கேட்ட மேட்சனுக்கு வாதாடின வக்கீல்களில் ஒருத்தர் யார் தெரியுமா? ஆப்ரகாம் லிங்கன். இந்தத் தடவை தோத்தார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலை ஆனாங்க.

அதே ஆள், ஆறு வருஷ இடைவெளி, எதிரெதிர் பக்கம். வக்கீல்னா வர்ற கட்சிக்காரருக்கு வாதாடத்தான் வேணும்னு சிலர் சொல்வாங்க. ஆறுதலான பதில், ஆனா எனக்குப் போதலை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தலை. அதுக்காக 1863 விடுதலைப் பிரகடனத்தை எழுதின கை பொய்யாகிடாது. 1847-ல் மேட்சனுக்காக நின்ன ஆள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்ங்கிறதுதான் தெரிஞ்சுக்க வேண்டிய கதை. முதல் பாதியை வெட்டிட்டா சிலைதான் மிஞ்சும், மனுஷன் காணாமப் போயிடுவார்.

இன்னொண்ணு. நான்ஸும் ஜேனும் பெட்டி வெச்சு காகிதம் சேர்க்கிற நிலையில் இருந்தவங்களா? அவங்க பெயர் எழுத்தில் நின்னதே, வாங்கவும் விக்கவும் பிடிக்கவும் மத்தவங்க போட்ட கேஸ் காகிதங்களால. ஒரு பெரிய மனுஷனோட கௌரவத்துக்காகக் காகிதத்தைப் பொறுக்கும்போது, முதல்ல குப்பைக்குப் போறது இவங்களை மாதிரி ஆட்களோட வாழ்க்கைதான். என் கோபமே அதில்தான்.

"குடும்பத்துக்கு அந்தரங்கம் இல்லையா?"ன்னு பின்னூட்டத்தில் கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்கும் ராபர்ட்டே பதில் வெச்சுட்டுப் போயிருக்கார். 1875-ல் அம்மா மேரிக்கு மனநிலை சரியில்லைன்னு சிகாகோ கோர்ட்டில் வழக்கு போட்டு, மனநல விடுதிக்கு அனுப்பினவர் அவர்தான். பெத்த தாயை அடைச்ச பிள்ளைன்னு பல வருஷம் ஏச்சு வாங்கினார். ஆனா அந்த வழக்குக் காகிதங்களை அவர் எரிக்கலை. வெர்மான்ட்டில் இருந்த அவரோட ஹில்டீன் வீட்டில் கட்டி வெச்சிருந்தார். ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்து, 1986-ல் புத்தகமாச்சு. படிச்சுப் பார்த்தா, சொத்துக்கு ஆசைப்பட்ட வில்லனா அவர் தெரியலை. என்ன செய்றதுன்னு தெரியாம டாக்டர்களையும் குடும்ப நண்பர்களையும் கேட்டுக் கேட்டு முடிவெடுத்த பிள்ளையாத்தான் தெரியறார். அவர் செஞ்சது சரிதானான்னு இன்னைக்கும் சண்டை போடலாம். ஆனா சண்டை போட ஆதாரம் இருக்கு. எரிச்சிருந்தா வில்லன் பட்டம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அதனாலதான் சொல்றேன், 21 வருஷம் பூட்டணுமா, பூட்டுங்க. உயிரோட இருக்கிறவங்க மனசு நோகாம இருக்கட்டும், காத்திருக்கலாம். புத்தகத்தில் தாத்தாவோட ஏழ்மையைத் திருத்தின ராபர்ட்டோட எனக்கு ஒத்துப் போகாது. அம்மாவோட கட்டை அப்படியே விட்டுட்டுப் போன ராபர்ட்டுக்கு ஒரு சலாம்.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்தில் தாராளமா வாங்க. கும்மி மட்டும் வேண்டாம், நாளைக்கு எனக்கு அசைன்மென்ட் இருக்கு :)