வரியின் சுமை குளக்கரையில்

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்திய இறால் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானது. பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் மானிய ஈட்டு வரியும் இதற்கு மேல். அப்போது ஈக்வடாருக்கு 15, இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20 சதவீதம். வாங்குபவர் கணக்குப் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

இறக்குமதி இறால் மீது அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா மீனவர்களுக்கு உள்ள கோபத்தில் நியாயம் உண்டு. டீசல் செலவுக்கு ஈடாகக் கரையில் இறாலுக்கு விலை கிடைப்பதில்லை. ஆனால் வரி அவர்களைக் கரையேற்றியதா? 2003 இறுதியில் அவர்கள் கொடுத்த மனுவின் பேரில் 2005இல் இந்தியா, தாய்லாந்து உள்ளிட்ட ஆறு நாடுகள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தது. இருபது ஆண்டுகள் கழிந்தும் அமெரிக்கர் உண்ணும் இறாலில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். இடையில் மாறியது விற்கும் நாடு. அதற்கும் காரணம் வரியல்ல; தாய்லாந்துக் குளங்களை இளம்பருவச் சாவு நோய் காலி செய்தபோது அந்த இடத்துக்கு இந்திய வனாமி இறால் போனது. உணவகத்தில் பரிமாறுவது இறக்குமதி இறால் என்றால் அதை அறிவிக்க வேண்டும் என்று லூசியானா 2019இல் கொண்டுவந்த சட்டம், உள்ளூர் மீனவருக்கு வரியைவிட நேரான உதவி.

இந்தியப் பக்கத்தில் அடி விழும் இடம் வேறு. 2024–25இல் ஏற்றுமதியான சுமார் 7.4 லட்சம் டன் உறைந்த இறாலில் 3.1 லட்சம் டன் அமெரிக்காவுக்கே போனது. விலை சரிந்த செய்தி வரும் நாளில் வேதாரண்யத்துப் பண்ணை ஒன்றில் இறால் 60 கவுண்டில் (கிலோவுக்கு 60 இறால்) நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றே பிடித்தால் போட்ட முதல் வராது. 40 கவுண்டுக்கு வளர்க்கலாம் என்றால் தினமும் தீவனம், இரவெல்லாம் ஏரேட்டர் ஓடும் மின்கட்டணம், எந்த நேரமும் வெண்புள்ளி நோய் வந்துவிடுமோ என்ற பயம். தீவனம் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் வைக்கும் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துத் தீவனம் மீந்திருந்தால் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். பதப்படுத்தும் ஆலைக்குக் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது, சரக்கை அடுக்கிவிட்டுக் காத்திருக்கலாம். குளத்துக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே வாஷிங்டனில் நடக்கும் பேச்சை மட்டும் இறால் துறை பார்த்துக்கொண்டிருப்பது போதாது. வரியில் எவ்வளவு இறக்குமதியாளர் ஏற்கிறார், எவ்வளவு ஆலை ஏற்கிறது, எவ்வளவு குளக்கரை விலையில் கழிக்கப்படுகிறது என்பதை ஏற்றுமதியாளர் சங்கங்கள் கவுண்ட் வாரியாக வெளியிட வேண்டும். இன்று விவசாயிக்குத் தெரிவது கடைசி எண் மட்டுமே.

அமெரிக்காவை மட்டும் நம்பாமல் இருக்க ஐரோப்பா இன்னொரு வாசல். அங்கே தடை எதிர்ப்புயிரி எச்சம். 2016இல் இந்தியப் பண்ணை இறாலுக்கான பரிசோதனையை ஐரோப்பிய ஒன்றியம் சரக்குகளில் பாதி அளவுக்கு உயர்த்தியது. வரியைக் குறைப்பது அரசுகளின் கையில் இருக்கிறது. பிடிப்புக்கு முன் ஒவ்வொரு குளத்தையும் சோதித்து, அந்த முடிவைச் சரக்கோடு அனுப்புவது பண்ணையும் ஆலையும் சேர்ந்து இந்தப் பருவத்திலேயே தொடங்கக்கூடிய வேலை. அதன் செலவை ஆலைகள் ஏற்க வேண்டும்.