டோட்டல் லாஸ் யாருக்கு?

“கார் வைத்திருப்பவனுக்கு எதற்கு உரிமைப் போராட்டம்?” விபத்தில் உருக்குலைந்த வாடகைக் காருக்கு உரிய காப்பீட்டுத் தொகை கேட்டு நாங்கள் மனு எழுதும்போது நம் தோழர்களில் சிலரே இப்படிக் கேட்கிறார்கள். நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது நடுத்தர வர்க்கத்தின் வேலை என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் தவறு.

அந்தக் கார் யாருடையது என்று முதலில் பார்ப்போம். எங்களிடம் வருபவர்கள் சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வண்டி வாங்கியவர்கள். ஊர்க்காரர் நிலத்தில் கூலிக்குப் போகாமல், யார் முன்னும் கைகட்டி நிற்காமல் பிழைக்க ஒரு வழி தேடியவர்கள். 1974ல் தொடங்கப்பட்ட தாட்கோ வழியாக இவர்களுக்கு மானியத்தோடு கடன் கிடைக்கிறது. முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய். மீதி வங்கிக் கடன். கடன் தீரும்வரை ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரும் இருக்கும். அந்த வண்டி நொறுங்கினால் ஒரு குடும்பம் ஆண்டையின் வாசலுக்கே திரும்பிப்போக வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். பாலிசியில் வண்டியின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 6 லட்சம். விபத்துக்குப் பிறகு பழுதுபார்க்க ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 5 லட்சம். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு, டோட்டல் லாஸ். இங்கே வரம்பு நாலரை லட்சம். எஸ்டிமேட் அதைத் தாண்டிவிட்டது. அப்படியானால் பாலிசியில் எழுதியுள்ள கட்டாயக் கழிவு போக 6 லட்சம் வர வேண்டும். கம்பெனியோ, “மார்க்கெட் ரேட் இவ்வளவுதான்” என்று 4 லட்சத்து 20 ஆயிரம் தருவதாகச் சொல்கிறது. வங்கிக்கு இன்னும் கட்ட வேண்டியது 4 லட்சம். காப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்குத்தான் போகும். உரிமையாளர் கையில் மிஞ்சுவது 20 ஆயிரம். வர வேண்டியதோ 2 லட்சத்துக்குப் பக்கம். அது இருந்தால் அடுத்த வண்டிக்கு முன்பணம் கட்டலாம். 20 ஆயிரத்தை வைத்து என்ன செய்வது?

இந்த ‘மார்க்கெட் ரேட்’ பேச்சு பாலிசிக்கே விரோதமானது. வண்டியின் வயதுக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை தேய்மானம் கழித்த பிறகுதான் ஐ.டி.வி. நிர்ணயிக்கப்படுகிறது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்கிறார்கள். முழு இழப்பு என்றால் பாலிசி காலம் முழுக்க அந்த ஐ.டி.வி.தான் சந்தை மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கிடையாது என்ற ஷரத்து மோட்டார் பாலிசிகளில் வழக்கமாக இருக்கிறது. உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஒருமுறை கழித்ததையே மறுபடியும் கழிப்பதற்குத்தான் இவர்கள் ‘மார்க்கெட் ரேட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

“மதிப்பு நிஜமாகவே குறைந்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய?” என்பது கம்பெனியின் வாதம். பிரீமியம் வாங்கிய அன்று இந்தச் சந்தேகம் எங்கே போனது? 6 லட்சத்துக்குப் பிரீமியம் வாங்கிக்கொண்டு 4 லட்சத்துக்கு நஷ்டஈடு தருவது என்ன நியாயம்? வண்டியின் மதிப்பை ஏற்று அதற்குப் பிரீமியமும் வாங்கிய கம்பெனி, சில மாதங்களில் விபத்து நடந்ததும் அந்த மதிப்பை இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது என்பதை 2008ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கம்பெனி சாதி பார்த்து இப்படிச் செய்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. அது சாதி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குறைத்துச் சொன்ன தொகையை எதிர்த்துக் கேட்க வக்கீல் மாமாவோ, வங்கி மேனேஜர் சித்தப்பாவோ, கிளப்பில் பழகிய அதிகாரியோ இருக்கிறவர்கள் ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்கிறார்கள். சமூகவியல் வகுப்பில் இதைச் சமூக மூலதனம் என்று படிக்கிறோம். தெருவில் இதற்குப் பெயர் ‘ஆள் தெரியும்’. நம்மவருக்கு ஆள் தெரியாது. டியூ தேதி நெருங்குகிறது, வங்கியிலிருந்து போன் வருகிறது. கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்து போட்டுவிடுகிறார். எல்லோருக்கும் ஒன்றாகத் தெரியும் விதி நம் மேல் மட்டும் கனமாக விழுவது இப்படித்தான்.

அந்தத் தாளுக்குப் பெயர் டிஸ்சார்ஜ் வவுச்சர். ‘முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் இருக்கும். 1892ல் நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனை கைநாட்டுகளில் கைமாறின என்பது நம் வரலாறு. படிக்காமல் போடும் கையெழுத்தின் விலை நம்மைவிட யாருக்குத் தெரியும்? வவுச்சரில் கையெழுத்து போட்டாலே எல்லாம் முடிந்துவிடாது. ஏமாற்றியோ, தவறான தகவல் தந்தோ, நிர்ப்பந்தித்தோ வாங்கிய கையெழுத்து வழக்கைத் தடுக்காது என்று 1999ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நிர்ப்பந்தத்தை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். அதனால் முதலிலேயே, ‘எதிர்ப்பு தெரிவித்துப் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுத்தால் அதே நாளில் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

கம்பெனி எதைச் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவர் உரிமம் பெற்றவர்தான், ஆனால் அவரை நியமித்துக் கட்டணம் கொடுப்பது கம்பெனி. அவர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்று 2009ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. உடைந்த வண்டியை உங்கள் தலையில் கட்டி, அதற்கு ஒரு பெரிய விலை வைத்து நஷ்டஈட்டில் கழிக்கப் பார்த்தால், “வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு முழு ஐ.டி.வி.யைக் கொடுங்கள்” என்று கேளுங்கள். வண்டி கைமாறும்போது ஆர்.சி.யில் உங்கள் பெயர் அப்படியே இருந்துவிடக் கூடாது. நாளை அந்த வண்டியில் யார் எது செய்தாலும் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கெடு இரண்டு வருடம். ஆனால் அதே விவகாரம் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். ஆகவே வரிசை முக்கியம். “வாடகை வண்டி வியாபாரம், நீ நுகர்வோரே இல்லை” என்று கம்பெனி வாதாடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

மாணவத் தோழர்களே, இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. பாலிசியைப் படிக்கத் தெரிந்தால் போதும். இழப்பு பல நேரம் விபத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது: பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று ஏஜெண்ட் புதுப்பிக்கும்போதே ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதிவிடுகிறார். ஆகவே இந்த மாதம் உங்கள் தெருவில் வாடகைக் கார், ஆட்டோ, லோடு வண்டி வைத்திருக்கும் அண்ணன்களின், அக்காக்களின் பாலிசிகளை வாங்கிப் பாருங்கள். ஐ.டி.வி. எவ்வளவு, புதுப்பிக்கும் தேதி எப்போது, மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா, சொந்தச் சேதத்துக்கும் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், நாளை கலவரத்தில் வண்டியை எரித்தாலும் கம்பெனியிடமிருந்து ஒரு ரூபாய் வராது. படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள்.

நம் உழைப்பில் வந்த சொத்துக்கு விலை சொல்லும் உரிமையை எவனிடமும் விட்டுவிடக் கூடாது.

ஜெய் பீம்.