ரிக்கில் பிறந்த சொற்கள்

எண்ணெயின் வரலாற்றைப் புரட்டினால் ராக்ஃபெல்லரில் தொடங்கி வளைகுடா மன்னர்கள் வரை எல்லோரும் வந்துவிடுவார்கள். சேற்றில் குளித்தபடி குழாய் இறக்கியவர்களின் பெயர் மட்டும் வராது. அவர்கள் எழுதிவைத்தவை மிகக் குறைவு. 150 ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சேர்த்த அறிவில் பெரும்பகுதி அவர்களுடைய பேச்சில்தான் இருக்கிறது. எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கில் புழங்கும் சொற்களைக் கொச்சை என்று தள்ளினால், அந்த அறிவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில், எண்ணெய் தேடிய டிரேக்குக்காகக் கிணறு துளைத்த பில்லி ஸ்மித், உப்புக் கிணறுகளில் தொழில் பழகியவர். 69 அடி ஆழத்திலேயே எண்ணெய் தென்பட்டது. பின்னாளில் டெக்சாஸிலும் ஓக்லஹோமாவிலும் ரிக் வேலைக்கு வந்தவர்களில் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். சுற்றிலும் இருந்தவற்றுக்குத் தங்களுக்குத் தெரிந்த பெயர்களையே வைத்தார்கள். அடுத்து இணைக்கவேண்டிய குழாயைச் செருகி நிறுத்தும் துளை, சுண்டெலி வளை. துளையிடலை நடத்தும் டிரில்லர் கணக்கேடு வைத்திருக்கும், குளிருக்கும் மழைக்கும் ஆட்கள் ஒதுங்கும் சிறு அறை, நாய்க்கூடு. கோபுரத்தில் ஏறத்தாழ 90 அடி உயரத்தில் ஒருவர் நின்று குழாய்களை வாங்கிச் சாய்த்து அடுக்கும் இடம், குரங்குப் பலகை. வேலைக்குப் புதியவன் புழு. கிணற்றுக்குள் முறிந்து விழுந்த இரும்பு மீன். அதை எடுப்பது மீன்பிடிப்பு, அதற்கென்றே நிபுணர்கள் உண்டு. எடுபிடி வேலைகளைப் பார்க்கும் ரவுஸ்டபவுட்டின் பெயர் மிசிசிப்பி ஆற்றுப் படகுத்துறைக் கூலிகளிடமிருந்து வந்தது.

துளைமேடையில் நிற்பவர் ரஃப்நெக். முன்பெல்லாம் இரண்டு குழாய்களை முறுக்கிச் சேர்க்க அவர் சங்கிலியை வீசுவார். கீழ்க்குழாயில் சுற்றியிருக்கும் சங்கிலியை ஒரே வீச்சில் மேல்குழாய்க்குத் தாவவிட வேண்டும். மறுகணம் எந்திரம் சங்கிலியை இழுக்கும், குழாய் சுழன்று மரைக்குள் இறங்கும். கை கொஞ்சம் பிந்தினாலும் விரல் போய்விடும். பலருக்குப் போயிருக்கிறது. 1970-களில் இந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் வந்தபோது அதற்கு ‘இரும்பு ரஃப்நெக்’ என்றே பெயரிட்டார்கள். ஆளின் பெயரை இயந்திரம் எடுத்துக்கொண்டது. விரல்கள் தப்பியதால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சொற்களிலெல்லாம் கனமானது ‘கிக்’. கிணற்றில் நிரப்பிய சேற்றின் எடைதான் நிலத்தடி அழுத்தத்தை அமுக்கி வைத்திருக்கிறது. அந்த எடை போதாமல் வாயுவோ எண்ணெயோ கிணற்றுக்குள் புகுந்தால், அது கிக். கவனிக்காமல் விட்டால் அது கட்டுக்கடங்காமல் பீறிடும், அதுதான் புளோஅவுட். 1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் அப்படிப் பீறிட்ட எண்ணெய், நாளுக்குச் சுமார் 1,00,000 பீப்பாய் என்ற அளவில் 9 நாள் கொட்டியது. அன்று அதை ஊரே கொண்டாடியது. பிற்பாடு அது எத்தனை உயிர்களை வாங்கும் என்று தொழிலுக்குப் புரிந்தது. 1922-இல் ஏபர்கிராம்பி, கேமரன் என்ற இருவர் கிணற்றின் வாயை மூடும் அடைப்பானை உருவாக்கினார்கள். ஆனால் எந்த அடைப்பானும் ஆபத்தை யாராவது முதலில் கண்டுகொண்டால்தான் உதவும். ‘கிக்’ என்று ஒரு குரல் கேட்டதும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கிணற்றை மூடவேண்டும் என்ற பழக்கம் ரிக்குகளில் ஊறியது அதனால்தான்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில், டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில், அந்தச் சொல் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. கிணறு சரியாக அடைபட்டதா என்று பார்த்த சோதனையில், பூஜ்யமாக இருக்கவேண்டிய துளைக்குழாய் அழுத்தம் 1,400 பிஎஸ்ஐ என்று நின்றது. ‘பிளாடர் எஃபெக்ட்’ என்று அதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது, கேட்டவர்கள் சமாதானமானார்கள். அன்றிரவு 11 பேர் மாண்டார்கள். விசாரித்த தேசிய ஆணையம் கலந்துபேசிய துறை வல்லுநர்களில் ஒருவர்கூட அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. பழியை மேடையில் நின்றவர்கள் தலையில் மட்டும் போட முடியாது; நிர்வாகக் கோளாறுகளையும் அந்த ஆணையம் விரிவாகவே எழுதியிருக்கிறது. என்றாலும், அடிபட்டுக் கற்ற சொல்லுக்கும் அவசரத்துக்குக் கைகொடுத்த சொல்லுக்கும் உள்ள தூரம் அங்கே உயிர்களால் அளக்கப்பட்டது.

இத்தகைய சொற்களைக் காக்க வழி இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1952-இல் பழைய எண்ணெய்த் தொழிலாளர்களைத் தேடிச்சென்று அவர்கள் பேச்சை ஒலிநாடாவில் பதியத் தொடங்கியது. ஸ்பிண்டில்டாப் பீறிட்டு 51 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள்.

நமக்கும் அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. நரிமணத்திலும் கமலாபுரத்திலும் துளையிட்டவர்கள், மும்பை ஹை மேடைகளில் ஷிஃப்ட் பார்த்துத் திரும்பியவர்கள் பலர் ஓய்வுபெற்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கற்ற வேலையைத் தங்களுக்குள் எந்தச் சொற்களில் பேசிக்கொண்டார்கள், எந்தச் சொல் காதில் விழுந்ததும் ஓடினார்கள் என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும். ஓஎன்ஜிசியும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் இந்தப் பதிவை உடனே தொடங்கவேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கைப்பேசியிலேயே அவர் பேச்சைப் பதிவுசெய்யுங்கள்.