கண்ணாடித் தொட்டியும் ஒரு கண்மாய்தான்!

வாசகர் கேள்வி – பதில்

''மல்லிகைப்பூ விற்ற காசில் மிச்சம் பிடித்து, மகளுக்காக வீட்டுப் பட்டாசாலையில் மீன்தொட்டி வைக்க நினைக்கிறோம். 4 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி உயரத்தில், 6 மி.மீ கண்ணாடியில் செய்து தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். பழைய ஜன்னல் கண்ணாடி சும்மாதானே கிடக்கிறது, அதையே ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார் என் கொழுந்தனார். வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் பயமாகவும் இருக்கிறது. எந்தக் கண்ணாடி, எந்த அளவு நல்லது?''
– வாசகி, உசிலம்பட்டி.

உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. 2 அடி உயரத்துக்கு 6 மி.மீ கண்ணாடி போதாது. ஜன்னல் கண்ணாடி அறவே வேண்டாம். காரணத்தைத் தெரிந்துகொண்டால், கடைக்காரரிடம் நீங்களே அளவு சொல்லி வாங்கலாம்.

58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய் நிரம்பும்போது, கரையின் எந்த இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம்? தண்ணீர் ஆழமாக நிற்கிற இடத்தைத்தான். கண்மாய் எத்தனை ஏக்கர் பரந்திருந்தாலும், கரையைத் தள்ளுவது ஆழம்தான். அதனால்தான் கரையின் அடியை அகலமாகப் போடுகிறார்கள். மீன்தொட்டிக்கும் இதே கணக்குதான். கண்ணாடியின் கனத்தை முடிவு செய்வதில் முதல் இடம் தண்ணீரின் உயரத்துக்கு, நீளம் அடுத்துதான்.

கடையில் சொன்ன 2 அடி உயரத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால், 4 அடி நீள முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் சுமார் 226 கிலோ விசையோடு தள்ளும். அதே நீளத்தில் உயரத்தை ஒன்றேகால் அடியாகக் குறைத்தால், அந்த விசை 90 கிலோவுக்குள் அடங்கிவிடும். உயரம் இரண்டு மடங்கானால், தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

எந்த உயரத்துக்கு எத்தனை மி.மீ?

1 அடி உயரம், 2 அடி நீளம் வரை 5 மி.மீ போதும். ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி உயரம், 4 அடி நீளம் என்றால் 8 மி.மீ வேண்டும். மேல் விளிம்பை ஒட்டி உள்பக்கம் நீளவாக்கில் கண்ணாடிப் பட்டையும், நடுவில் குறுக்குப் பட்டை ஒன்றும் ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீளமான கண்ணாடி நடுவில் வெளிப்பக்கம் பிதுங்கும். 2 அடி உயரம்தான் வேண்டும் என்றால் 12 மி.மீ போட வேண்டும். செலவும் எடையும் ஏறிவிடும்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், 8 மி.மீ. கடைக்காரர் சொன்ன தொட்டியில் சுமார் 226 லிட்டர் பிடிக்கும்; இதில் 212 லிட்டர். தண்ணீரில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் கலப்பது மேற்பரப்பு வழியாகத்தான். அந்தத் தொட்டியில் மேற்பரப்பு 4 சதுர அடி. இதில் 6 சதுர அடி. மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றாலும் மீன்கள் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர்ப் பக்கமும், மீன் வளர்ப்பவர்கள் அகலமான, ஆழம் குறைந்த தொட்டிகளைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

எந்தக் கண்ணாடி?

சாதாரண பிளெயின் கண்ணாடியே போதும். உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வதால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். சென்னை அருகே ஸ்ரீபெரும்புதூரிலேயே இது தயாராகிறது. 'வெளிநாட்டுக் கண்ணாடி' என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பிளெயின் கண்ணாடியின் ஓரத்தில் லேசான பச்சை தெரிவது அதிலுள்ள இரும்புச் சத்தால். அது குறையில்லை. பச்சை இல்லாத 'எக்ஸ்ட்ரா கிளியர்' வேண்டுமானால், முன்பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும். பலத்தில் இரண்டும் ஒன்றுதான்.

'டஃப்பன்டு' கண்ணாடி பலமானதுதான். ஆனால், பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. உடைந்தால் மொத்தமாக நொறுங்கி, தண்ணீர் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். 4 அடித் தொட்டிக்கு அது தேவையில்லை.

பழைய ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் 4 மி.மீதான் இருக்கும். வருடக்கணக்கில் கீறலும் ஓர உடைசலும் ஏறியிருக்கும். விரிசல் தொடங்குவதே அந்த இடத்தில்தான். கொழுந்தனாரிடம் சொல்லி, அதைத் தொட்டியின் மூடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடியும் தேவைதான், கப்பி போன்ற மீன்கள் துள்ளி வெளியே விழுந்துவிடும். காற்றுப் போக ஒரு பக்கம் இடைவெளி விட வேண்டும்.

ஒட்டும்போது கவனியுங்கள்

கண்ணாடி ஓரங்களைத் தேய்த்து மழுக்கித் தரச் சொல்லுங்கள். மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகான் பசையை மட்டும் பயன்படுத்த வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பசை மீனைக் கொன்றுவிடும். ஒட்டிய பிறகு ஒரு வாரம் காய விடுங்கள். புளித்த காடி வாசனை முழுவதும் போன பிறகே தண்ணீர் ஊற்றலாம்.

முதல் தடவை வீட்டுக்குள் நிரப்பாதீர்கள். வாசலில் சமதளத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, கால் பங்கு கால் பங்காக நிரப்புங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். தாளில் ஈரம் தெரிந்தால், அந்த மூலையின் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். பழைய பசையின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது.

எங்கே வைப்பது?

தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து 270 கிலோவைத் தொடும். 75 கிலோ நெல் மூட்டை மூன்றரைக்கு மேல்! டிவி ஸ்டாண்டு, பலகை அலமாரி எதுவும் தாங்காது. இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு அடித்து, கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு காலும் சமமாக இருக்கும்படி நிறுத்துங்கள். மேலே பலகை, அதன்மேல் அரை அங்குல தெர்மோகோல், அதற்கு மேல் தொட்டி. பலகையில் சிறு கல் இருந்தாலும் எடை அந்த ஒரு புள்ளியில் விழுந்து அடிக்கண்ணாடி விரிசல் விடும். தெர்மோகோல் அதைத் தவிர்க்கும்.

குழந்தை பிடித்து இழுக்காதபடி ஸ்டாண்டைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பம்ப் வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலேறும்படி விடுங்கள். வயர் வழியாக வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீருக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைப்பது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். பாசி பிடிக்கும், கோடையில் தண்ணீரும் சூடேறும். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால், கப்பி, மோலி, பிளாட்டி மீன்கள் அதைத் தாங்கும். கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறையை, தண்ணீர் மாற்றும் நாளில் வெளியே தெரியும் பகுதியில் மட்டும் எலுமிச்சைத் தோலால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்: உயரம் ஒன்றேகால் அடி, கண்ணாடி 8 மி.மீ, மேலே பட்டை. ஒட்டுவதற்கு முன் கண்ணாடியின் கனத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அழகுக்கான பின்பக்கப் படம், விளக்கு, பொம்மை எல்லாம் அடுத்த பூ சீசனில்கூட வாங்கலாம். கண்ணாடியைப் பிறகு மாற்ற முடியாது.