மாயாவி படம் வருதாம், சரி. ஒன்றரை ரூபா புத்தகம் எப்போ வரும்?

நவரை நடவு முடிஞ்சு நாலு நாள்தான் ஆகுது. இடுப்பு வலி இன்னும் போகலை. களை எடுக்கிறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் வெச்சுக்கலாம். இன்னைக்கு வேற விஷயம்.

சென்னையில வேலை பாக்கற என் தங்கச்சி பையன் வாட்ஸ்அப்புல ஒரு செய்தி அனுப்பினான். "மாமா, இரும்புக்கை மாயாவி படமா வரப்போகுதாம். உங்க ஆளு!" கூடவே ஒரு போஸ்டர். யாரோ ரசிகர் கம்ப்யூட்டர்ல செஞ்சது போலிருக்கு, சூர்யாவுக்கு ஒரு இரும்புக் கையை மாட்டி விட்டிருக்காங்க. நல்லாத்தான் இருந்துது.

இந்தச் செய்தி எனக்கு எத்தனையாவது தடவை வருதுன்னு கணக்கே இல்லை. லோகேஷ் கனகராஜ் இதை எடுக்கப் போறார்னு 2017-ல "மாநகரம்" வந்த காலத்துலேர்ந்து பேச்சு. அதுக்கப்புறம் கைதி வந்துது, மாஸ்டர் வந்துது, விக்ரம், லியோ, கூலின்னு வரிசையா வந்துடுச்சு. மாயாவி மட்டும் கண்ணுக்குத் தெரியலை. பேருக்கு ஏத்த மாதிரிதான் இருக்கான்.

வந்தா முதல் நாளே போய்ப் பார்ப்பேன், அதுல சந்தேகம் இல்லை. ஆனா இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரெண்டு விஷயம் உறுத்துது. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு.

மாயாவியைத் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். அவன் நம்ம ஊரு ஆளு இல்லை. 1962-ல இங்கிலாந்துல வேலியண்ட்னு ஒரு வாரப் பத்திரிகையில ஆரம்பிச்ச கதை. படம் போட்டவர் ஸ்பெயின் நாட்டுக்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல்னு ஒருத்தன், ஆராய்ச்சிக்கூடத்துல வேலை செய்யறவன். ஒரு விபத்துல வலது கை போயிடுது, இரும்புக் கை வெச்சுக்கறான். இன்னொரு விபத்துல உடம்புல கரண்ட் பாயுது, ஆளு மறைஞ்சு போயிடறான். அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். சிவகாசியில 1972-ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்போ முதல் புத்தகமே இவன்தான்.

எனக்கு அவன் கையில கிடைச்சது பத்து வருஷம் கழிச்சு, முடி வெட்டற கடை பெஞ்சுல, அட்டை கிழிஞ்சு. முடி வெட்டிகினு வரப் போனவன் ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்தேன். முடி வெட்டலை. எங்கப்பா கேட்டதுக்கு, கடையில கூட்டம்னு சொன்னேன்.

அப்புறம் 1984. எங்க வயசுக்காரங்களுக்கு அந்த வருஷம் மறக்காது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே வருஷத்துல ஆரம்பிச்சுது. ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கயித்துல கிளிப்பு போட்டுத் தொங்க விட்டிருப்பாங்க. ஒன்றரை ரூபாய்க்கு நாங்க பட்ட பாடு இருக்கே! வேர்க்கடலை பிடுங்கின கழனியில மண்ணுக்குள்ள விட்டுப்போன காயைக் கிளறிக் கிளறிப் பொறுக்குவோம். அதை வித்து, நாலு பேரு சேர்ந்து ஒரு புத்தகம். அது எட்டு கை மாறி, கடைசியில வைக்கோல் போர் சந்துல ஒளிச்சு வெச்சு, மழையில நனைஞ்சு ஊறிப் போய் முடியும். அதுல ஒரு குழப்பம் வேற. முத்துல மாயாவின்னா இரும்புக்கை. ராணியில மாயாவின்னா காட்டுக்குள்ள முகமூடி போட்டுகினு குதிரையில வர்ற வெள்ளைக்கார வேதாளம், அதான் ஃபேண்டம். எது நிஜ மாயாவின்னு எங்களுக்குள்ள அடிதடியே நடந்துச்சு. நான் இரும்புக்கை கட்சி.

அந்தக் கட்சிக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க மோட்டார் கொட்டாய்.

சாயங்காலம் மடை மாத்த என்னைத்தான் அனுப்புவாங்க. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அப்போ மூடி கிடையாது. எனக்கு பதிமூணு, பதினாலு வயசு. மாயாவிக்குக் கரண்ட் பாய்ஞ்சா மறையறான், நமக்கு? இரும்புக் கை இல்லையேன்னு யோசிச்சு, கையில ஒரு கம்பியைச் சுத்திகினு போனேன். சிரிக்காதீங்க. தூக்கி அடிச்சுது பாருங்க, வரப்புல போய் விழுந்தேன். ராத்திரி வரைக்கும் கை மரத்துப் போச்சு. வழுக்கி விழுந்துட்டேன்னு வீட்டுல சொன்னேன். எங்கம்மா வேப்பெண்ணெய் தடவி விட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு பக்கத்துக் கிராமத்துல, புயல் அடிச்ச மறுநாள் காலையில, அறுந்து கிடந்த கம்பியைக் கழனித் தண்ணியில மிதிச்சு ஒருத்தர் செத்துப் போனார். நானும் போய்ப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை.

இதை எதுக்குச் சொல்றேன்னா, படம் எடுக்கறவங்க காதுல விழணும். சின்ன உறுத்தல்னு சொன்னேனே, அது இதுதான். மாயாவியோட உயிரே கரண்ட்டுதான். அவன் சக்தி அவன்கிட்ட இல்லை, ஒயர்ல இருக்கு. மறையணும்னா ஒரு பிளக்கைத் தேடி ஓடணும். அதுவும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் உருவம் திரும்ப வந்துடும். எதிரி துரத்தறான், சுவத்துல பிளக் இல்லை, என்ன பண்ணுவான்? அந்தப் பதட்டம்தான் கதை. மும்முனைக் கரண்ட் எப்போ வரும்னு நடு ராத்திரி முழிச்சுகினு இருக்கிற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது யாரும் சொல்லித் தராமலே புரிஞ்சுது. இப்போ எடுக்கற படத்துல, கண்ணை மூடித் திறந்தா மறையறான்னு வெச்சாங்கன்னா முடிஞ்சுது கதை. அதே சமயம், பிளக்குல கை வெக்கறது பெரிய ஸ்டைலுன்னு காட்டினா, எங்க ஊரு மாதிரி ஊருல எந்தப் பையனாவது நான் செஞ்சதைச் செய்வான். சக்திமான் டிவியில ஓடின காலத்துல, சக்திமான் வந்து காப்பாத்துவார்னு நம்பிப் பிள்ளைங்க ஆபத்துல இறங்குதுன்னு பேப்பர்ல எவ்வளவு வந்துது. முகேஷ் கன்னா அதுல புத்திமதி வேற சொல்லிகினே இருப்பார். புத்திமதியைப் பிள்ளைங்க எங்கே கேட்டுது?

இன்னொண்ணு. முதல் கதையில மாயாவி நல்லவன் இல்லை. சக்தி வந்ததும் தலைக்கு ஏறி, கொள்ளை அடிக்கிறான், ஊரையே மிரட்டறான். அப்புறம்தான் திருந்தி, நிழல்படைன்னு ஒரு உளவுப் படையில சேர்றான். நம்ம பெரிய ஹீரோ அதை ஒத்துக்குவாரா? ஒரு தங்கச்சி சாவு, ஒரு பிளாஷ்பேக், ஒரு இண்ட்ரோ பாட்டு எல்லாம் வந்துடும். கடைசியில கார்ப்பரேட்காரன்கிட்டேர்ந்து விவசாயியைக் காப்பாத்தறான்னு முடிப்பாங்க. "கத்தி" வந்ததுலேர்ந்து எங்களை எத்தனை பேரு காப்பாத்திட்டாங்க! தயவுசெஞ்சு மாயாவியையாவது விட்டுடுங்க.

மலையாளத்துக்காரங்க 2021-ல "மின்னல் முரளி" எடுத்தாங்க. பையன் கிராமத்துத் தையல்காரன். மின்னல் அடிச்சு சக்தி வருது. அதே மின்னல் டீக்கடையில வேலை செய்யற இன்னொருத்தனையும் அடிக்குது. அந்த வில்லனா நடிச்சவர் நம்ம குரு சோமசுந்தரம். படம் முடிஞ்சு எனக்கு ஹீரோ ஞாபகத்துல இல்லை, அவர்தான் இருந்தார். போன வருஷம் "லோகா"ன்னு ஒண்ணு, கள்ளியங்காட்டு நீலி கதையை எடுத்து சூப்பர் ஹீரோயினே ஆக்கிட்டாங்க. நம்ம பக்கத்துல 2012-ல "முகமூடி" வந்துது, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. 2023-ல "வீரன்"ல ஊரு காவல் தெய்வத்தையும் மின்னலையும் சேர்த்தது எனக்குப் பிடிச்சுது. அதே வருஷம் "மாவீரன்"ல சிவகார்த்திகேயன் பேப்பர்ல படக்கதை போடறவரா வருவார். தியேட்டர்ல பசங்க எல்லாம் விசில் அடிச்சப்போ, நான் மட்டும் அவர் கட்டம் போட்டு வரையறதையே பார்த்துகினு இருந்தேன்.

இப்போ பெரிய உறுத்தலுக்கு வரேன்.

இந்தப் படம் யாருக்காக? எனக்காக. என் தங்கச்சி பையன், எங்கிட்ட கதை கேட்டு வளர்ந்தவன், அவனுக்காக. மறுபதிப்பு வர்ற புத்தகமும் எங்களுக்காகத்தான். லயனும் முத்தும் நடுவுல தடுமாறி, 2012-லேர்ந்து நல்லா மறுபடி வருது, நல்ல தாளு, கலரு. ரத்தப் படலம் 18 பாகத்தையும் 2010-ல ஒரே புத்தகமா போட்டாங்களே, அதைத் தலகாணி மாதிரி பக்கத்துல வெச்சுகினு படிச்சவன் நான். இந்த வருஷமும் சென்னைப் புத்தகக் காட்சியிலேர்ந்து பையன் ரெண்டு வாங்கி அனுப்பினான். பின்னாடி விலையைப் பார்த்தேன். மெலிசான புத்தகமே நூறு ரூபா அக்கம்பக்கம், கெட்டி அட்டைன்னா பல நூறு. எந்தப் பையன் கடலை பொறுக்கி அதை வாங்குவான்? பொறுக்கினாலும் வாங்கறதுக்கு எங்க பஸ் ஸ்டாண்டுல புத்தகம் தொங்கற கயிறே இல்லை. ராணி காமிக்ஸ் 2005-லயே நின்னு போச்சு. இப்போ அந்த இடத்துல செல்போன் கவர் தொங்குது.

சிவகாசிக்காரங்களை நான் குறை சொல்லலை. வித்து வர்ற காசு கட்டலைன்னா என்ன ஆகும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? நெல்லு விலை ஏறினா நீங்க முகம் சுளிக்கிறப்போ எனக்கு எரியும். அதே வாயால நான் புத்தகத்தைக் குறைச்சுக் கொடுன்னு எப்படிக் கேக்கறது? கொஞ்சம் பேரு வாங்கறாங்க, அவங்க சந்தா கட்டறதுலதான் வண்டி ஓடுது.

எங்க அண்ணன் பேத்தி நாலாவது படிக்குது. ஸ்பைடர்மேன் தெரியும், சோட்டா பீம் தெரியும், எல்லாம் போன்ல. தமிழ் படின்னா ஒவ்வொரு எழுத்தா கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்குது. நீங்க எங்க ஊரைக் குடவோலைக் கல்வெட்டை வெச்சுத்தான் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சுவரு பூரா எழுதி வெச்ச ஊரு. நான் அந்த வயசுல டீக்கடையில எங்க தாத்தாவுக்கு தினத்தந்தியில கன்னித்தீவு படிச்சுக் காட்டுவேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. தினமும் மூணு, நாலு கட்டம்தான். "நாளைக்கு என்னடா ஆகும்?"னு கேட்டுகினே வீட்டுக்கு வருவார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு, கன்னித்தீவு இன்னும் முடியலை. எனக்குத் தமிழ் சரளமா வந்தது பள்ளிக்கூடத்துல இல்லை, அங்கதான்.

பொங்கலுக்கு அந்தக் குழந்தை வந்தப்போ, பரண்ல இருந்த பழைய மாயாவி புத்தகம் ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை, தாளு பழுப்பு. முதல்ல படத்தை மட்டும் புரட்டிச்சு. அந்தரத்துல கை வர்ற பக்கம் வந்ததும் நின்னுடுச்சு. "சின்ன தாத்தா, யாரு கை இது?" பலூன்ல இருக்கு படின்னேன். படிச்சுது. அரை மணி நேரத்துல ரெண்டு பக்கம். ஆனா விடலை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க: "ஆளு மறையறான், சரி. சட்டை எப்படி மறையுது? சட்டை மறைஞ்சா கை ஏன் மறையலை?" நாப்பது வருஷமா படிக்கிறேன், எனக்கு இது தோணவே இல்லை. பதில் தெரியலைன்னு சொன்னேன். இன்னும் நாலு பக்கம் படிச்சுது, பதில் தேடி.

அதனால படம் எடுக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க பட்ஜெட்டுல போஸ்டர் ஒட்டற காசுல கொஞ்சம் எடுத்து, மாயாவி கதை ஒண்ணை முப்பது பக்கத்துல, சாதா தாள்ல, பத்து ரூபாய்க்குப் போடுங்க. தியேட்டர் வாசல்ல பாப்கார்ன் பக்கத்துல வையுங்க. பெட்டிக் கடைக்கு அனுப்புங்க. அரசாங்கத்துக்கும் ஒண்ணு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குன்னு ஊஞ்சல், தேன்சிட்டுன்னு இதழ் போடறீங்க, வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியில சின்னப் புத்தகம் கொடுக்கறீங்க. நல்ல வேலை. அதுல தொடர் படக்கதை ஒண்ணு சேருங்க. "தொடரும்"னு முடியணும். நல்லொழுக்கம் சொல்லிக் கொடுக்கற கதை வேணாம், அடுத்த இதழ் எப்போ வரும்னு டீச்சரைப் போய்க் கேக்க வெக்கற கதையா போடுங்க.

கடைசியா உங்ககிட்ட ஒரு உதவி. குழந்தை படிச்ச அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை, கடைசி நாலஞ்சு பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சு. என்ன கதைன்னு பேரும் தெரியலை, முடிவும் எனக்கு மறந்து போச்சு. இருக்கற கடைசிக் கட்டத்துல, தண்ணிக்கு மேல இரும்புக் கை மட்டும் தெரியுது, படகுல ரெண்டு பேரு துப்பாக்கியோட அதையே பாக்கறாங்க. தினமும் போன் போட்டு "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேக்குது. யார்கிட்டயாவது இந்தப் புத்தகம் இருந்தா அந்தக் கடைசிப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. மல்லாட்டை அறுப்பு முடிஞ்சதும் ஒரு படி அவிச்சு வெச்சுகினு கூப்பிடறேன்.