இலை பொய்யல்ல, விலை மெய்!

வெயிலைத் தின்று வாழ்கிறது மரத்தின் இலை! கரி கொட்டியா தண்ணீரைப் பிளக்கிறது? கொப்பரையில் காய்ச்சியா பிளக்கிறது? இல்லை தோழர்களே, ஓசையின்றிப் பிளக்கிறது. அந்த வித்தையை மனிதனும் செய்வான் என்று புறப்பட்டவர் டேனியல் நோசெரா, அமெரிக்க இரசாயனப் பேராசிரியர். உலோகங்களின் குணமறிந்த துறை அவருடையது. மிச்சிகனில் ஆசிரியராயிருந்தார், 1997-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சென்றார்.

தண்ணீரைப் பிளந்தால் ஹைட்ரஜன். எரித்தால் கரிப்புகை இல்லை, மீண்டும் தண்ணீரே! ஆனால் பிளக்கத் தூண்டுவதற்கு ஒரு பொருள் வேண்டும். வினையூக்கி என்பார்கள். காரியத்தை முடித்து வைக்கும், தான் தீராது. தரகரைப் போல என்னலாம். தரகர் கமிஷன் கேட்பார், இது கேட்காது! பிளாட்டினமும் இரிடியமும் அதைச் செய்யும். அரசர் வீட்டு உலோகங்கள்! ஏழைக்கு எட்டுமா?

எட்டும் பொருளை 2008-ல் நோசெராவும் ஆய்வுத் தோழர் மேத்யூ கேனனும் காட்டினர். கோபால்ட்டும் பாஸ்பேட்டும் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால், வினையூக்கி மெல்லிய படலமாகத் தானே படிகிறது. சிதைந்தால் தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்கிறது! கடுங்காரமும் வேண்டாம், கொதிவெப்பமும் வேண்டாம். 2011-ல் வந்தது செயற்கை இலை. சீட்டாட்டச் சீட்டளவு சிலிக்கன் தகடு. தண்ணீரிலிட்டு வெயிலில் வைத்தால் ஒருபுறம் ஆக்சிஜன், மறுபுறம் ஹைட்ரஜன். ஒரு கேலன் தண்ணீரில் வளர்முக நாட்டு வீட்டுக்கு ஒரு நாள் மின்சாரம் என்றார்.

வந்ததா? வரவில்லை. இலை பொய்யா? இல்லை, விலை மெய்! நிலவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் மலிவு. அது கக்கும் புகையின் கேட்டை அந்த விலையில் சேர்க்கவில்லை அமெரிக்கச் சந்தை. நோசெரா தொடங்கிய சன் கேட்டலிடிக்ஸ் கம்பெனி, நம் நாட்டு டாடாவும் பணம் போட்ட கம்பெனி, இலையை ஒதுக்கிவிட்டு மின்கலத்துக்குத் திரும்பியது. 2014-ல் அதை வாங்கியவர் யார்? லாக்ஹீட் மார்ட்டின்! போர் விமானம் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின்!

பேராசிரியர்மீது பழியில்லை. அவர் கடை நடத்தப் பிறந்தவரல்லர். ஆனால் 2008 ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து? ஒரு குடும்ப அறக்கட்டளை கொடுத்தது. அதோடு தேசிய அறிவியல் நிறுவனம் வழியாக மக்களின் வரிப்பணம். கம்பெனிக்கும் அரசு உதவியது. விதைத்தவன் வரி கட்டுகிறவன். களத்துமேட்டில் நெல் அளந்தவன் ஆயுத வியாபாரி!

நோசெரா ஓயவில்லை. ஹார்வர்டு சென்றார். பமீலா சில்வருடன் சேர்ந்து 2016-ல் ஹைட்ரஜன் தின்னும் பாக்டீரியாவைக் கொண்டு திரவ எரிபொருள். 2017-ல் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரம். அந்த உரத்தில் முள்ளங்கி பருத்தது. இம்முறை பத்திரத்தில் யார் பெயர் ஏறப்போகிறது என்பதை, முள்ளங்கி பருக்கும்போதே கேட்க வேண்டாமா?